சர்ச்சில் சத்தம் போடாத துணிப் புத்தகம்: வேதாகமக் கதைகளைத் தைக்க முழு வழிகாட்டி

கடையில் வாங்கும் துணிப் புத்தகங்களில் எதைத் தொட்டாலும் வெல்க்ரோ. வீட்டில் அது பரவாயில்லை. சர்ச்சில் ஐயர் பிரசங்கத்தைத் தொடங்கி, சபையே அமைதியாக உட்கார்ந்திருக்கும்போது பிள்ளை அதை 'பர்ர்' என்று பிய்த்தால் முன் பெஞ்சு வரைக்கும் தலைகள் திரும்பும். பிரசங்க நேரத்தைச் சமாளிக்கத்தான் இந்த வகைப் புத்தகமே. கைக்குழந்தை முதல் தாத்தா வரை குடும்பமாக உட்கார்ந்து ஆராதனை முடிக்கும் அமெரிக்கச் சபைகளில், குறிப்பாக மார்மன் சபைகளில், வீட்டுப் பெண்கள் இதை நீண்ட காலமாகத் தைத்து வருகிறார்கள். நம் சபைகளிலும் ஞாயிறு பள்ளிக்குப் போகும் வயது வரும்வரை பிள்ளை அம்மா மடியில்தானே.

ஆகவே இரண்டு விஷயங்களை முதலிலேயே முடிவு செய்துவிடலாம். சத்தம் வரும் எதுவும் உள்ளே வேண்டாம்: வெல்க்ரோ, மணி, மொறுமொறுவென்று பேசும் பிளாஸ்டிக் தாள், பக்கங்களைக் கோக்கும் இரும்பு வளையம், எல்லாம் வெளியே. இன்னொன்று, பிள்ளையின் கை செய்யும் வேலையும் கதையில் நடக்கும் வேலையும் ஒன்றாக இருக்க வேண்டும். சகேயு மரத்தில் ஏறினார் என்றால், பக்கத்திலும் அவர் ஏறி இறங்க வேண்டும். அழகான ஒரு மரத்தைத் தைத்து அதன் பக்கத்தில் சகேயுவை ஒட்டிவைத்தால் அது படம். படத்தைப் பிள்ளை ஒருமுறை பார்த்துவிட்டு உங்கள் கைப்பையைத் திறக்கப் போய்விடும்.

எந்தக் கதைகள், எந்த வயதுக்கு

இங்கே சொல்லப்போவது நான்கு துணித் தாள்கள், எட்டு முகங்கள் கொண்ட புத்தகம். முன் அட்டை, பின் அட்டை போக ஆறு பக்கங்கள்: நோவாவின் பேழை, புறாவும் வானவில்லும், சகேயு, ஐந்து அப்பமும் இரண்டு மீனும், யோனா, ஆவியின் கனி. கதையில் கைக்கு வேலை இருக்கிறதா என்று பார்த்துத்தான் இவற்றை எடுத்தேன். மலைப்பிரசங்கம் அருமையானதுதான், ஆனால் அதில் பிள்ளையின் விரலுக்கு என்ன வேலை?

ஒன்றரை வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு என்றால் எந்தத் துண்டும் தனியாகக் கழன்று வரக்கூடாது, எல்லாம் பக்கத்தோடு தைத்தே இருக்க வேண்டும். மூன்று வயது வரை பட்டனும் பாசிமணியும் கூடாது. காந்தம் எந்த வயதுக்குமே வேண்டாம். இரண்டு காந்தங்களைப் பிள்ளை விழுங்கிவிட்டால் அவை குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு நடுவில் இருக்கும் சதையை நசுக்கும். அது அறுவை சிகிச்சை வரை போகிற விஷயம்.

வாங்க வேண்டியவை

பக்கங்களுக்குக் கேஸ்மெண்ட் காட்டன் நல்லது. வெளிர் நிறம் ஒன்று, 44 இஞ்ச் அகலத்தில் முக்கால் மீட்டர் போதும். 10 இஞ்சுக்கு 9 இஞ்ச் துண்டுகள் அகலவாக்கில் நான்கு வரும், இரண்டு வரிசை எடுத்தால் எட்டு முகங்கள் முடிந்தன. மீதியில் முதுகுத் துணியும் (தாள்கள் ஒன்றுசேரும் ஓரம்தான் புத்தகத்தின் முதுகு) பைகளும் வெட்டிக்கொள்ளலாம்.

படங்களுக்கு ஃபெல்ட் துணி. நம் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் பாலியெஸ்டர் அல்லது அக்ரிலிக். வாங்கும்போது ஒரு மூலையைக் கட்டைவிரலால் பத்து தடவை தேய்த்துப் பாருங்கள். நூல் நூலாக எழும்பினால் அந்தக் கட்டை அப்படியே வைத்துவிட்டு வாருங்கள், ஒரு மாதத்தில் உங்கள் யானைக்கு ரோமம் முளைத்துவிடும். அட்டை மாதிரி விறைப்பான ஃபெல்ட்டும் வேண்டாம். துவைத்தால் மடிப்பு விழுந்து அப்படியே நிற்கும்.

இவை தவிர, இஸ்திரி போட்டால் ஒட்டிக்கொண்டு துணியை விறைப்பாக்கும் பக்ரம், ஆங்கர் எம்ப்ராய்டரி நூல், கால் இஞ்சும் அரை இஞ்சும் அகலமுள்ள ரிப்பன், ஐந்து இஞ்ச் நைலான் ஜிப் ஒன்று, கொஞ்சம் சணல் துணி. பக்கத்துக்குள் நிரப்ப ஃபோம் வாங்க வேண்டியதில்லை. பழைய டர்க்கி துண்டு அதைவிட மேல். துவைத்தால் உள்ளே சுருண்டு கட்டி தட்டாது, இத்தனை வருடம் துவைத்த துண்டு இனிச் சுருங்கவும் சுருங்காது. மெஷினுக்கு 16ஆம் நம்பர் ஊசி போடுங்கள். கால் மெஷினே போதும், நேர்த்தையலைத் தவிர வேறு எதையும் நான் மெஷினில் கேட்கப் போவதில்லை.

வெட்டும் முன்

காட்டன் துணியை ஓர் இரவு தண்ணீரில் ஊறப்போட்டு, காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகே வெட்ட வேண்டும். இல்லையென்றால் முதல் துவையலில் துணி சுருங்கும், ஃபெல்ட் சுருங்காது, பக்கம் முழுக்க அலை அலையாக நிற்கும். சிவப்பு, கருநீலம், மெரூன் எதுவானாலும் நனைத்த வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துச் சாயம் இறங்குகிறதா என்று பாருங்கள். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் நின்றுவிடும் என்பார்கள். எல்லாச் சாயமும் அதற்கு அடங்காது. ஒட்டினால் அந்தத் துணியை விட்டுவிடுங்கள்.

எட்டுத் துண்டுகளையும் 10 இஞ்ச் அகலம், 9 இஞ்ச் உயரத்தில் வெட்டுங்கள். முதுகுப் பக்கம் ஒன்றரை இஞ்ச் விட்டு மேலிருந்து கீழாக சாக் கோடு போடுங்கள். மற்ற மூன்று ஓரங்களிலும் அரை இஞ்ச் தையலுக்கு. நடுவில் மிஞ்சும் 8 இஞ்ச் சதுரம்தான் உங்கள் பக்கம். அதிலும் ஓரத்தை ஒட்டி அரை இஞ்ச் வரை எதையும் வைக்காதீர்கள்.

இனி சொல்வதைத் தயவுசெய்து காகிதத்தில் ஒருமுறை மடித்துப் பாருங்கள். முன் அட்டைக்கு முதுகு இடது பக்கம் வரும். அதன் பின்முகத்துக்கு முதுகு வலது பக்கம். அதற்கு எதிர்ப்பக்கத்துக்கு மறுபடி இடது. இப்படி மாறி மாறி வரும். நான்கு சிறு காகிதங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, 1 முதல் 8 வரை எண் போட்டு, எந்தப் பக்கம் முதுகு என்று குறித்துக்கொண்டு, அதே எண்ணைத் துணியின் பின்புறத்திலும் சாக்கால் எழுதிவிடுங்கள். 2, 3 எதிரெதிர்ப் பக்கங்கள். 4, 5 அப்படியே. 6, 7 அப்படியே. ஒரு தாளின் இரண்டு முகங்கள் 1-2, 3-4, 5-6, 7-8.

பக்ரத்தை 8 இஞ்ச் சதுரமாக வெட்டி, ஒவ்வொரு துண்டின் பின்புறமும் இப்போதே ஒட்டிவிட வேண்டும். ஃபெல்ட் வைத்த பிறகு சூடான பெட்டி பட்டால் ஃபெல்ட் உருகிப் பளபளப்பாகிவிடும். அதன் பிறகு அதைக் காப்பாற்ற வழி இல்லை.

பேழை (இரண்டாம் முகம்)

பிள்ளைகள் படங்களில் பேழை என்றால் உருண்டை ஓடம், மேலே ஒட்டகச்சிவிங்கித் தலை. ஆதியாகமத்தில் இருப்பது வேறு: நீளம் 300 முழம், அகலம் 50 முழம், உயரம் 30 முழம், மூன்று தட்டு, பக்கவாட்டில் ஒரு கதவு. அந்த அளவுக் கணக்குப்படி தைத்தால் நம் பக்கத்தில் பேழை முக்கால் இஞ்ச் உயரம்கூட வராது, எனவே அளவை விட்டுவிடலாம். மூன்று தட்டையும் கதவையும் விடக்கூடாது. தைக்கிறவருக்கு அவைதான் உதவி.

பழுப்பு ஃபெல்ட்டில் ஆறரை இஞ்ச் நீளம், இரண்டரை இஞ்ச் உயரத்தில் மூன்று பட்டைகள் வெட்டுங்கள். மேல்தட்டை முதலில் வைத்து, அதன் இரண்டு பக்கமும் அடியும் தையுங்கள், மேல் ஓரம் திறந்திருக்கட்டும். நடுத்தட்டு அதன் அடித்தையலை அரை இஞ்ச் மூடும்படி வரும். கீழ்த்தட்டு நடுத்தட்டின் தையலை மூடும். இப்போது ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று பைகள்.

மிருகங்கள் ஜோடி ஜோடியாக. யானை, சிங்கம், ஆடு மூன்றும் போதும், தட்டுக்கு ஒரு ஜோடி. இரண்டு இஞ்ச் உயரத்தில் ஒவ்வொன்றையும் இரட்டை ஃபெல்ட்டாக வெட்டி, ஓரத்தைக் காஜா தையலில் (ஓரத்தைச் சுற்றி வளைத்துப் போடும் கைத்தையல்) மூடுங்கள். சும்மா விட்டால் மூன்றாம் வாரத்தில் ஒரு சிங்கம் பெஞ்சுக்கு அடியில் போய்விடும். எனவே எட்டு இஞ்ச் ரிப்பனின் இரண்டு முனையிலும் ஜோடியைத் தைத்து, ரிப்பனின் நடுப்பகுதியைப் பையின் அடித்தையலுக்குள் வைத்து அடித்துவிடுங்கள். இதைப் பட்டையைத் தைக்கும்போதே செய்ய வேண்டும். ஒவ்வொரு மிருகத்துக்கும் நான்கு இஞ்ச் கயிறு கிடைக்கும், வெளியே வந்து உள்ளே போகும், ஆனால் ஓடிப்போகாது. ரிப்பனை எட்டு இஞ்சுக்கு மேல் நீட்ட வேண்டாம், நீளமான கயிறு பிள்ளை கழுத்துக்கு ஆகாது. வெட்டிய முனையை மெழுகுவர்த்தித் தீயில் லேசாகக் காட்டினால் நூல் பிரியாது.

கதவு என்பது மூன்று தட்டையும் மூடும் ஒரே பெரிய மடல். காட்டன் துணியை இரட்டையாகத் தைத்துத் திருப்பி, வெளிப்பக்கம் பழுப்பு ஃபெல்ட் வைத்து, பலகை மாதிரி ஓட்டுத் தையலில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். வலது ஓரத்தை மட்டும் பக்கத்தோடு தைத்தால் திறக்கும்போது எதிர்ப்பக்கத்தின் மேல் சாயும். இடது ஓரத்தில் ஃபெல்ட் நாக்கு ஒன்று, பக்கத்தில் அது நுழைய அரை இஞ்ச் ரிப்பன் வளையம் ஒன்று. பட்டனும் இல்லை, சத்தமும் இல்லை. மிருகங்கள் உள்ளே போன பிறகு கதவை அடைத்தது நோவா இல்லை, கர்த்தர் அடைத்தார் என்று வேதம் சொல்கிறது. இந்த வரியை ஒருமுறை சொல்லிக்கொடுத்துவிட்டால், கதவை அடைக்கும் வேலையை யாருக்கும் விட்டுத்தராத பிள்ளைகள் உண்டு.

புறா (மூன்றாம் முகம்)

பக்கத்தின் இடது ஓரத்தில் பேழையின் ஜன்னல், வலது ஓரத்தில் ஓர் ஒலிவ மரம், மேலே வானவில். ஜன்னலிலிருந்து மரம் வரைக்கும் கால் இஞ்ச் ரிப்பனை இழுத்து, இரண்டு முனையையும் அழுத்தமாகத் தையுங்கள், நடுப்பகுதி தையல் இல்லாமல் இருக்கும். வெள்ளைப் புறாவின் பின்னால் ஒரு சின்ன வளையம் தைத்து, ரிப்பனின் இரண்டாம் முனையை அடிக்கும் முன் கோத்துவிட வேண்டும். வளையம் ரிப்பனைவிட ஒரு நூல் அகலமாக இருந்தால் வழுக்கிக்கொண்டு ஓடும்.

மரத்தின் இலைக்கொத்தை மேல் ஓரத்தில் மட்டும் தைத்து, அடியில் திறந்து விடுங்கள், புறா உள்ளே ஒளியும் அளவுக்கு. புறாவின் அலகுக்குக் கீழே ஒரு கீறல், மரத்தில் குட்டி ரிப்பனில் தொங்கும் ஒரு பச்சை இலை. முதல் தடவை புறா போய் வெறுமையாகத் திரும்பும். இரண்டாம் தடவை அலகில் இலையைச் செருகிக்கொள்ளும். மூன்றாம் தடவை இலைக்கொத்துக்குள் போய் அங்கேயே தங்கிவிடும். கதையில் உள்ளது அப்படியே. வானவில்லுக்கு ஏழு நிற ரிப்பன் வாங்க மனம் வரவில்லை என்றால் மிச்சம் கிடக்கும் ஃபெல்ட் துண்டுகளே போதும்.

சகேயு (நான்காம் முகம்)

புறாவுக்குச் செய்த அதே வேலை, இந்தத் தடவை மேலிருந்து கீழாக. காட்டத்தி மரத்தின் தண்டு ஏழு இஞ்ச், அதன்மேல் அரை இஞ்ச் ரிப்பன், அதில் ஏறி இறங்கும் குட்டை மனிதர். உச்சியில் மூன்று இலைகளை மேல் ஓரத்தில் மட்டும் தைத்து வையுங்கள், அவர் முகம் பாதி மறைந்து எட்டிப் பார்க்கட்டும். கதை மரத்தில் முடிவதில்லை, "இறங்கி வா, இன்று உன் வீட்டில் தங்குவேன்" என்று இயேசு சொல்வதுதான் விஷயம். எனவே மரத்தடியில் மூன்று இஞ்ச் வீடு ஒன்று, திறக்கும் கதவோடு, உள்ளே ஒரு பாயும் இரண்டு தட்டும். பெரும்பாலான மாதிரிகளில் மரம் மட்டும் இருக்கும், வீடு இருக்காது. எனக்கு அது பாதிக் கதை.

ஐந்து அப்பம், இரண்டு மீன் (ஐந்தாம் முகம்)

பக்கத்தின் கீழ்ப்பாதி பச்சை. கூட்டத்தைப் பசும்புல்லில் பந்திபந்தியாக உட்கார வைத்தார்கள் என்று மாற்கு எழுதுகிறார். அப்பம் வாற்கோதுமை அப்பம், ஒரு சிறுவனிடம் இருந்தது என்பது யோவான் தரும் தகவல். பேக்கரி ரொட்டி மாதிரி வெட்ட வேண்டாம், தட்டையாக, வட்டமாக, இரண்டு இஞ்ச் குறுக்களவில் போதும். ஓரத்தில் கொஞ்சம் கருகிய நிறத்துக்குப் பழுப்பு நூலில் நாலைந்து புள்ளித் தையல் போட்டால் இப்போதுதான் கல்லிலிருந்து எடுத்த மாதிரி இருக்கும். சணல் துணியில் கூடைப் பை ஒன்று. சணல் ஓரம் பிரியும் என்பதால் மேல் விளிம்பை காட்டன் பட்டையில் மடித்துத் தைத்துவிடுங்கள்.

அற்புதத்தை எப்படிக் காட்டுவது? கூடைக்கு மேலே ஆறு இஞ்ச் சதுர வெள்ளைத் துணி ஒன்றை, மேல் ஓரத்தை மட்டும் பக்கத்தோடு தைத்து, மூன்றாக மடித்து வையுங்கள். மடித்திருக்கும்போது வெளியே தெரியும் பட்டையில் ஐந்து சின்ன வட்டமும் இரண்டு சின்ன மீனும் எம்ப்ராய்டரி. பிள்ளை தன் கையிலுள்ள அப்பத்தை ஒவ்வொன்றாக அந்தந்த வட்டத்தின் மேல் வைத்துப் பார்க்கும். துணியை விரித்தால் உள்ளே பன்னிரண்டு கூடை, நான்கு நான்காக மூன்று வரிசை. எண்ணத் தெரிந்த பிள்ளை பன்னிரண்டையும் எண்ணாமல் விடாது. இந்தப் பக்கத்துக்குத்தான் அதிக நேரம் பிடிக்கும், நேரம் குறைவென்றால் வேறொரு பக்கத்தை விட்டுவிட்டு இதைத் தையுங்கள்.

யோனாவும் கனி மரமும்

ஆறாம் முகத்தில் பெரிய மீன், வாய்க்கு ஜிப். வேதத்தில் "பெரிய மீன்" என்றுதான் இருக்கிறது, திமிங்கிலமாகத்தான் தைக்க வேண்டும் என்று இல்லை. ஜிப்பின் இழுப்பான் உலோகத்தில் இருந்தால் டிக் டிக் என்று தட்டும், அதை ஒரு சின்ன ஃபெல்ட் பையால் மூடிவிடுங்கள். மீனின் வயிற்றுக்குள் ரிப்பனில் கட்டிய யோனா. அவ்வளவுதான்.

ஏழாம் முகம் ஆவியின் கனி, அதாவது அன்பு, சந்தோஷம் என்று தொடங்கும் ஒன்பது குணங்கள்: மரத்தில் ஒன்பது பட்டன், ஒன்பது ஃபெல்ட் பழங்கள், ஒவ்வொன்றிலும் பட்டன் நுழைய ஒரு காஜா. பட்டன் போட்டுப் பழக நல்ல பக்கம், ஆனால் நான்கு வயதுக்கு மேல். பழம் எதுவானாலும் நம்ம ஊர்ப் பழமாக இருக்கட்டும்: மா, கொய்யா, மாதுளை, நாவல், கொல்லாம்பழம். பெயர்களைத் தையலில் எழுதும் ஆசையை விட்டுவிடுங்கள், நீடியபொறுமையும் இச்சையடக்கமும் இரண்டு இஞ்ச் பழத்தில் அடங்காது. பழத்தின் பின்பக்கம் துணிப் பேனாவால் எழுதலாம். சின்னக் குழந்தைக்கு இந்தப் பக்கத்துக்குப் பதில் காணாமல்போன ஆடு. நாலைந்து புதர் மடல்கள், ஒன்றின் பின்னால் மட்டும் ஆடு.

எட்டாம் முகமான பின் அட்டையில் அப்பமும் மீனும் போட்டுக்கொண்டு போக ஒரு பை வையுங்கள். முன் அட்டையில் பிள்ளையின் பெயர்.

முகமும் எழுத்தும்

ஃபெல்ட் மனிதர்களுக்குக் கண், மூக்கு வேண்டாம் என்பது என் கட்சி. அரை இஞ்ச் முகத்தில் புருவம் ஒரு மில்லிமீட்டர் சாய்ந்தாலும் நோவா கோபக்காரர் ஆகிவிடுவார். தாடி, தலைப்பாகை, அங்கியின் நிறம் போதும், யார் யார் என்று பிள்ளைக்குத் தெரியும்.

பெயரைத் தைக்கும்போது எழுத்து ஒன்றரை செ.மீ. உயரத்துக்குக் குறையக்கூடாது. ஆங்கர் நூலில் ஆறு இழை இருக்கும், இரண்டைப் பிரித்தெடுத்து பின் தையலில் (ஒவ்வொரு தையலும் பின்னோக்கி வந்து முந்தையதைத் தொடும் 'பேக் ஸ்டிட்ச்') போகலாம். ஆறையும் சேர்த்துப் போட்டால் ண, ஞ போன்றவற்றின் சுழிகள் அடைத்து ஒரே முடிச்சாகத் தெரியும். வளைவில் தையலைச் சின்னதாக்குங்கள், நேர்க்கோட்டில் கொஞ்சம் நீட்டலாம்.

தாள் சேர்ப்பது

எட்டு முகங்களின் வேலையும் முடிந்த பிறகே சேர்க்க வேண்டும். 1ஐயும் 2ஐயும் படம் உள்பக்கம் பார்க்க வைத்து, வெளியே நீட்டும் மடல், ரிப்பன் எல்லாவற்றையும் நடுவுக்குத் தள்ளிக் குண்டூசி குத்துங்கள். முதுகுப் பக்கத்தை விட்டுவிட்டு மற்ற மூன்று பக்கமும் அரை இஞ்ச் உள்ளே தைக்கவும். மூலைகளில் மிச்சத் துணியைச் சாய்வாக வெட்டி, திருப்பி, மூலையை மழுங்கிய பென்சிலால் தள்ளுங்கள். கத்தரி முனையால் தள்ளினால் கிழியும்.

டர்க்கி துண்டை ஏழே முக்கால் இஞ்ச் சதுரமாக வெட்டி, முதுகு வழியாக உள்ளே நுழைத்துப் பரப்புங்கள். அது சாக் கோட்டைத் தாண்டி முதுகுக்குள் வரக்கூடாது. வந்தால் கடைசியில் மெஷின் ஓடாது, புத்தகமும் விரியாது. பிறகு சாக் கோட்டின் மேல் ஒரு தையல், மற்ற மூன்று பக்கமும் ஓரத்திலிருந்து கால் இஞ்சில் ஒரு மேல்தையல். அதற்கு முன்னால் ஒரு காரியம்: குண்டூசிகளை எண்ணித்தான் எடுத்தீர்களா? எண்ணி டப்பாவில் போட்டு, காந்தம் ஒன்றைத் தாளின் மேல் ஓட்டிப் பார்த்துவிட்டு மேல்தையல் போடுங்கள்.

முதுகு

நான்கு தாள்களையும் வரிசையாக அடுக்கி, துணி உலர்த்தும் கிளிப் போட்டுப் பிடித்துக்கொண்டு, முதுகு ஓரத்திலிருந்து முக்கால் இஞ்சில் ஒரே தையலாக அடியுங்கள். எட்டு மடிப்புத் துணிதான், 18ஆம் நம்பர் ஊசி போட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றினால் வீட்டு மெஷினே தாங்கும். திணறினால் ஜிப் மாற்றும், பை தைக்கும் கடையில் கொடுங்கள், அவர்களுடைய மெஷினில் ஐந்து நிமிட வேலை.

முதுகுத் துணி 9 இஞ்ச் நீளம், 4 இஞ்ச் அகலம். நான்கு ஓரத்திலும் அரை இஞ்ச் உள்ளே மடித்து இஸ்திரி போட்டு, அடுக்கின் மேல் கவிழ்த்து, இரண்டு பக்கமும் எம்மிங்கில் (மடித்த ஓரத்தைப் பிடிக்கும் சின்னத் தையல்) கையால் தைத்துவிடுங்கள். ஐலெட் (துளையின் ஓரத்துக்கான உலோகக் கண்) அடித்து வளையம் கோத்தால் பின்னால் பக்கம் சேர்க்க வசதி என்பது உண்மைதான். ஆனால் அது பெஞ்சில் உரசும்போது கேட்கும்.

கொடுக்கும் முன்

ஒவ்வொரு துண்டையும் பிள்ளை இழுப்பதைவிடப் பலமாக நீங்களே இழுத்துப் பாருங்கள். மூன்று வயதுக்குக் குறைந்தவர்களின் பொம்மையைச் சோதிக்கும் உருளையின் உள்விட்டம் 31.7 மில்லிமீட்டர், அதற்குள் அடங்குவது எல்லாம் தொண்டைக்கும் அடங்கும் என்று கணக்கு. துணி மடங்கும் என்பதையும் நினைவில் வைத்து, கழலும் துண்டு எதையும் இரண்டு இஞ்சுக்குக் கீழே வெட்டாதீர்கள்.

வீட்டுப் பிள்ளைக்கும் சபைப் பிள்ளைக்கும் பரிசாகத் தைக்கும்வரை இதோடு சரி. விற்கப் போகிறீர்கள் என்றால், பொம்மைத் தரக்கட்டுப்பாட்டு ஆணை 2021 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது, 14 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை வேண்டும். மத்திய கைவினைப்பொருள் வளர்ச்சி ஆணையரகத்தில் பதிவு செய்த கைவினைஞர்களுக்கு விலக்கு உண்டு. ஆர்டர் எடுக்கும் முன் அந்தப் பதிவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சர்ச்சுக்கு எடுத்துப் போகும் பையிலேயே புத்தகம் இருக்கட்டும், வார நாளில் கையில் கொடுக்காதீர்கள். தினமும் பார்த்தால் ஞாயிற்றுக்கிழமை அதற்கு மவுசு இருக்காது. பாட்டுப் பாடும்போதும் வேண்டாம், அப்போது பிள்ளைக்கே வேலை இருக்கிறது. பிரசங்கம் தொடங்கும்போது எடுங்கள்.

அழுக்கானால் வாளியில் சோப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, கையால் அமுக்கி அலசுங்கள். முறுக்கிப் பிழிந்தால் பக்ரம் உரிந்து குமிழ் விடும். ஒரு டவலில் சுருட்டி அழுத்தித் தண்ணீரை எடுத்துவிட்டு, விசிறி மாதிரி பக்கங்களை விரித்து நிழலில் நிறுத்திவைக்க வேண்டும். உள்ளே துண்டு இருப்பதால் மழைக்காலத்தில் காய இரண்டு நாள் ஆகும், சனிக்கிழமை துவைக்காதீர்கள்.